வெள்ளாவியில் வெந்த பாய்

குடுமியான்மலைச் சங்கீதக் கல்வெட்டைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து பாய்மரப் படகில் புறப்பட்டுப் போன சங்கீத டீச்சர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ரயிலும் கப்பலும் இருக்கும்போது இந்தப் பைத்தியக்காரத்தனம் எதற்கு என்று எங்கள் பாடசாலையில் கேட்காதவர்கள் இல்லை. என் கணவரிடம் படகு இருந்தது, அதுதான் காரணம். படகு வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ரயிலில் போக ஆசைப்படலாம், போக முடியாது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய படகு அது. துரை வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் இவர் 'பூரணி' என்று மாற்றினார். ஒற்றைப் பாய்மரம், இரண்டு பேர் குனிந்து போய்ப் படுக்க ஓர் அறை, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு மூலை, அவ்வளவுதான். நில அளவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இவர், காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் அதைப் போய்ப் பார்ப்பார். பலகை இடுக்குகளில் பஞ்சு அடைப்பார், குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார், கப்பிகளுக்கு எண்ணெய் விடுவார். வருஷத்துக்கு ஒருமுறை மரப்பட்டையைக் கிடாரத்தில் அவித்து, அந்தத் துவர்ச் சாயத்தில் பாயை ஊறப்போட்டு எடுப்பார். உப்பிலும் மழையிலும் துணி இற்றுப்போகாமல் இருக்க அதுதான் வைத்தியம். வருஷா வருஷம் வைத்தியம் பார்த்ததில் பாய் கருங்காவி நிறமாகி, பட்டையும் மீனெண்ணெயும் கலந்த ஒரு வாடை அதில் நிரந்தரமாகக் குடியிருந்தது. அந்த வாடை இவருக்குச் சந்தனம்.

பூரணிக்கு ஒரு குறை உண்டு. எதிர்க்காற்றில் ஏறமாட்டாள். பாய் பழசு. காற்றில் இழுபட்டு இழுபட்டு நடுவில் வயிறு விழுந்துவிட்டது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் தங்கமான பிள்ளை. அதே காற்று கொஞ்சம் முன்பக்கம் திரும்பிவிட்டால், பக்கவாட்டில் நழுவிக்கொண்டு நாம் நினைக்காத இடத்துக்குப் போவாள். முந்தின வருஷம் நெடுந்தீவுப் பக்கம் அப்படித்தான் நழுவினாள். ஓர் எஞ்சின் வள்ளம் வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு வந்தது. ஊரே துறையில் நின்று வேடிக்கை பார்த்தது, என்னிடம் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் உட்பட.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை யாராவது நம்மை இழுத்துக்கொண்டு வந்தால் படகை விற்றுவிட வேண்டும். பலகைக்காகவும் அடியில் பாரத்துக்கு வைத்திருக்கும் ஈயத்துக்காகவும் அதை வாங்கி உடைக்க ஊர்காவற்றுறையில் ஓர் ஆள் காத்திருந்தார். இவர் 'சரி' என்றார். இவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். ஆகவே இந்தப் பயணம் எனக்குக் கல்வெட்டு பார்க்கிற ஆசை, இவருக்குப் பூரணியின் உயிர்.

கடவுச்சீட்டு, சுங்கம், முத்திரை என்று பட்ட பாடுகளை எழுதினால் படிப்பவர்களுக்கும் தலைவலி வரும். விட்டுவிடுகிறேன். ஆகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டோம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பக்கவாட்டில் நன்றாகவே வீசியது. வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன், இவர் வழியெல்லாம் பாட்டுப் பாடினார், அதுவும் அபசுரமாக. இந்தியக் கரை ஒரு கோடாகத் தெரிந்த நேரம் பாயின் நடுவில் படாரென்று ஒரு சத்தம். மேலிருந்து கீழாக ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்துவிட்டது. மீன்பிடி வள்ளம் ஒன்று கிட்ட வந்து கயிறு வீசட்டுமா என்று கேட்டது. இவர் என் முகத்தைப் பார்க்காமலே "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினார். கிழிந்த பாயைச் சுருட்டிப் பாதியாகக் கட்டி, நொண்டி நொண்டிக் கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

கரையில் எங்களைத் தூக்கி இறக்கியவர் மீராசா தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். ஓடு ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் பல தடவை வந்து போனவராம். "வாங்கம்மா, பாத்து எறங்குங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சே!" என்று சொல்லி, பேர் ஊர் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் என்னை ஒப்படைத்தார். அவர்கள் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, சோறும் மீன் ஆணமும் போட்டார்கள். அவர்கள் குழம்பை ஆணம் என்கிறார்கள். எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தேங்காய்ப்பால் பாய வேண்டும். இங்கே புளியும் மிளகாயும் மல்லுக்கு நிற்கின்றன. கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"இங்கிட்டு பாய் தைக்கிற ஆளு தொண்டிக்குப் போயிட்டாரு, எப்ப வருவாருன்னு தெரியாது" என்றார் தண்டல். "அறந்தாங்கில கூடாரம் தைக்கிற டெய்லரு இருக்காரு. கனத்த மிசினு. அவருகிட்ட கொண்டு போங்க. படகை நான் பாத்துக்கிறேன். அடியெல்லாம் சிப்பி அப்பிக் கெடக்கு, சாய்ச்சுப் போட்டுச் சொரண்டி வைக்கிறேன்." அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று இவர் கேட்க, அவர் கேட்காதவர் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பாயை நீளமாகச் சுருட்டிக் கட்டி பஸ்ஸுக்குத் தூக்கிப் போனோம். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார். "என்னங்க இது, பொணமா? பொணமெல்லாம் ஏத்த மாட்டோம்." பாய் என்று விளக்கினோம். நம்பாமல் ஒரு முனையை அவிழ்த்து மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு சந்தேகம் அதிகமாகிவிட்டது. கடைசியில் மேலே, இரண்டு ஆடுகளுக்கும் ஒரு கருவாட்டுக் கூடைக்கும் நடுவே அதற்கு இடம் கிடைத்தது.

நாலைந்து மைல் போனதும் பஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் குளம் வேண்டும், குளமோ தூரத்தில் இருந்தது. எல்லோரும் இறங்கி ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் என்றால் அந்நேரம் பஸ் முதலாளியின் மூன்று தலைமுறை வெளியே வந்திருக்கும். பக்கத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர், கருப்பையா என்று பெயர், எங்கள் கதையை முழுக்கக் கேட்டார். கடலைத் தாண்டி ஒரு கல்வெட்டைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"குடுமியாமலையா? அங்கிட்டு எங்க மச்சினன் வீடு கூட இருக்கு. நான் இத்தன வருசத்துல அந்த எழுத்த ஏறெடுத்துப் பாத்ததில்ல. நீங்க கடல் தாண்டி வாரீக!" என்றார். பிறகு அவரே ஒரு ஏற்பாடும் செய்தார். "பாயத் தச்சு வாங்கி எங்க வீட்டுல போட்டுட்டுப் போங்க. அறந்தாங்கிக்குப் பக்கத்துலதான். அதத் தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறுவீகளா?"

அறந்தாங்கி டெய்லரின் கடை சிறியது. பாய் கடைக்குள் கொஞ்சமும் தெருவில் மீதியுமாக ஓடியது. சந்தைக்கு வந்தவர்கள் நின்று, தாமாகவே தெருவில் கிடந்த பகுதியைப் புழுதி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மிஷினில் துணி நகர நகர அவர்களும் கூட நகர்ந்தார்கள். சாமி புறப்பாடு போல இருந்தது. தையல் முடிந்ததும் இவர் தையலை விரலால் தடவிப் பார்த்து டெய்லரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாய் மாட்டு வண்டியில் கருப்பையா வீட்டுக்குப் போனது, நாங்களும் போனோம்.

கருப்பையாவின் மனைவி அழகம்மா. வாட்டசாட்டமான உடம்பு, வெண்கலக் குரல். நான் கொடுத்த பனாட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பனம்பழச் சாற்றை வெயிலில் காயவைத்து எடுக்கும் பண்டம், எங்கள் ஊர்ப் பெருமை. கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு ஆத்தா. செருப்பு மாதிரி இருக்கு, ஆனா நல்லாருக்கு" என்றாள். வரகரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் பரிமாறினாள். மோர்மிளகாயை நான் அப்பளம் தின்பது போலத் தின்றதைப் பார்த்து அந்த வீட்டார் எங்களைத் தங்கள் மனிதர்களாக ஏற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம் புறப்படும்போது, பாயைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள் அழகம்மா. "இது தண்ணி கண்டு எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டாள். கடலிலேயே இருக்கிற சாமான்தான் என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பேச்சை அப்போதே நிறுத்தி விளக்கியிருக்கலாம். எங்களுக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

வழியில் குகை ஓவியம் பார்க்கப் போன சித்தன்னவாசலில் வெயில் பாறையைச் சட்டியாக்கி வைத்திருந்தது. குகைக்குள் குளிர்ச்சி. அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். எனக்குக் கழுத்து வலித்தது, கண் எடுக்க மனம் வரவில்லை. இவரும் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "இவ்வளவு பெரிய குளத்திலை ஒரு வள்ளம் கீற மனம் வரேல்லைப் பாரும்" என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த மனிதரைச் சொர்க்கத்தில் கொண்டுபோய் விட்டாலும் துறைமுகம் எங்கே என்றுதான் கேட்பார்.

குடுமியான்மலையில் கோயிலை ஒட்டிய பாறையில் என் கல்வெட்டு இருந்தது. வாசிக்கத் தெரியாத பழைய எழுத்து. ஆனால் வரிசை வரிசையாகச் சுரங்கள் என்று அறிந்து வந்திருந்தேன். காலம் காலமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற ச ரி க ம, யாரோ ஒருவர் உளி பிடித்துக் கல்லில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். வௌவால் நாற்றத்தையும் மறந்து, கிட்டப் போய் நின்று மெல்லப் பாடினேன். எந்தச் சுரத்துக்கு நேரே எந்தச் சுரத்தைப் பாடினேனோ தெரியாது. படகிலாவது கூட்டிக்கொண்டு வந்தாரே என்று இவர்மேல் அப்போது எனக்கு வந்த நன்றியை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷம் காசிக்கும் படகில் போகலாம் என்பார்.

இன்னும் சில ஊர்களைச் சுற்றிவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது கருப்பையாவின் வண்டி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தது. ஊர் நெருங்க நெருங்க, குளத்தங்கரையில் வெள்ளையாக ஏதோ பரந்து கிடப்பது தெரிந்தது. கொக்குக் கூட்டமாக்கும் என்றார் இவர். இன்னும் கிட்டப் போனதும் வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

அது எங்கள் பாய். பட்டைச் சாயம் அத்தனையும் போய், மல்லிகைப் பூப்போல வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. அழகம்மா கரையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். சலவைத் தொழிலாளி வீரன் பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"என் ஆயுசுல இம்புட்டு அழுக்க நான் பாத்ததில்லீங்க!" என்றார் வீரன். "ஒவரு மண்ணு வண்டியில கொண்டாந்து, ஊற வச்சு, வெள்ளாவி மேல வெள்ளாவி வச்சேன். கறை விடவே மாட்டேன்னுருச்சு. நானும் விடல."

வெள்ளாவி என்பது துணியை உவர்மண்ணில் தோய்த்து, கொதிக்கும் பானைகளின் மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பது. எங்கள் பாய்க்கு ஊரிலுள்ள பெரிய பானை எல்லாம் வந்ததாம். தூக்க நாலு ஆள், விறகுக்கு ஒரு வண்டி, பிழிய இளவட்டங்கள் எல்லோரும். பாயின் ஓரம் முழுக்கச் சேர்த்துத் தைத்திருந்த கயிற்றை, துணியை அடித்துத் துவைக்க இடைஞ்சல் என்று, ஒரு நூல் அறுபடாமல் பிரித்து வளையங்களோடு சுருட்டித் தனியே வைத்திருந்தார்கள். "விருந்தாளியா வந்தவுகள அழுக்குத் துணியோட அனுப்புனா ஊருல எங்கள என்ன சொல்லுவாக?" என்றாள் அழகம்மா.

எனக்கு இவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. வீட்டில் நான் ஒரு துவாயை அந்தப் பாய்மீது காயப்போட்டதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர். இவர் பாயின் ஓரமாக மெல்ல நடந்து போய், குனிந்து, துணியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. தோளில் கிடந்த சால்வையை எடுத்தார். நேரே வீரனிடம் போய் அதைப் போர்த்தினார். "நல்ல வடிவாய் இருக்குது" என்றார். குரல் கொஞ்சம்தான் நடுங்கியது. அவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிணற்றடியில் கால் கழுவும்போது, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லி? ஊரே சேர்ந்து செய்த வேலை. அந்த மனுசி எங்களுக்குச் சோறும் போட்டு, எங்கடை மானத்தையும் பார்த்திருக்கிறா. அதுக்கு நான் முகத்தைச் சுளிக்கிறதோ?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "துணி சுருங்கிப் போச்சுது, இஞ்சாரும். வாடைக் காத்துக்கு முந்தி இனிப் புதுப்பாய் தைக்க ஏலாது. இதோடைதான் போகவேணும்" என்றார். சொன்ன சொல்லைப் பற்றி இவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவருக்கும் ஊர்காவற்றுறை ஆளின் கோடாலி நினைவில் இருந்தது. இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் இவரை நான் மிகவும் மதித்த நேரம் அந்தக் கிணற்றடிதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு இவர்மேல் புதிதாக ஆசை வந்தது.

புறப்படும்போது வரகரிசியும் மோர்மிளகாயும் ஒரு மூட்டையாக வந்தன. பாயை பஸ்மீது ஏற்றிய கருப்பையா, அழுக்குப் படாமல் தன் வேட்டியொன்றை மேலே போர்த்திக் கட்டினார். பஸ் நகரும்போது அழகம்மா கூடவே ஓடிவந்து ஜன்னலில் சொன்னாள். "அடுத்த தடவ அழுக்கானா யார்ட்டயாவது கொடுத்து விடுங்க ஆத்தா. வெளுத்துத் தாரோம்!" நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தலையை ஆட்டினேன்.

கோட்டைப்பட்டினத்தில் பூரணி புது மணப்பெண் போலத் தயாராக இருந்தாள். அடியிலுள்ள சிப்பியைச் சுரண்டி, இடுக்கெல்லாம் அடைத்து, சுக்கான் ஆணிகளைக்கூட மாற்றியிருந்தார் மீராசா தண்டல். பாயை அவிழ்த்துக் காட்டியதும் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை வேட்டில்ல இது! இத யாரு கட்டிக்கிறது, பாய்மரமா?" இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, ஊசியும் மெழுகு நூலும் கொண்டுவரச் சொன்னார்.

இப்போது கயிறு நீளமாகவும் துணி குட்டையாகவும் இருந்தன. இவர் அளந்து அளந்து பெருமூச்சு விட்டார். கயிற்றை வெட்டிக் குறைத்து, ஓரம் முழுவதும் கையால் மறுபடியும் தைத்தோம். இவர் ஒரு பக்கம், தண்டலின் ஆட்கள் ஒரு பக்கம், நானும் ஒரு பக்கம். உள்ளங்கையில் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளினால்கூட என் கை புண்ணாயிற்று. தண்டலின் வீட்டுப் பெண்கள் மஞ்சள் அரைத்துப் போட்டார்கள்.

தைத்து முடிக்கப் பல நாள் ஆயிற்று, இதற்குள் காற்று மாறிவிட்டது. பின்னாலிருந்து தள்ளிக் கொண்டுபோய் வீட்டில் விடவேண்டிய சோளகம் ஓய்ந்து, எங்கள் ஊர் இருக்கும் திசையிலிருந்தே கொண்டல் வீசத் தொடங்கியது. எனக்குப் பாடசாலை திறக்கும் நாள் வந்துவிட்டது. இன்னும் காத்திருந்தால் கடல் கொந்தளிக்கும் வாடைக் காலம் வந்துவிடும்.

"எதிர்க் காத்துல ஏறாதுன்னு சொன்னீகளே" என்றார் தண்டல் யோசனையோடு. "போய்ப் பாருங்க. ஏறலேன்னா திரும்பி வந்துருங்க. சோறு இருக்கு, வீடு இருக்கு. என்னத்துக்கு ரோசம்?" அவர் வீட்டுப் பெண்கள் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடியை என் மடியில் வைத்தார்.

கரையை விட்டதும் இவர் பாயை ஏற்றினார். தாமானை இழுத்துக் கட்டினார். தாமான் என்பது பாயின் கீழ் மூலையைப் பிடித்திருக்கும் கயிறு. அதை இழுத்தால் பாய் இறுகும், விட்டால் தளரும். எதிர்க்காற்றில் நேரே போக முடியாது. ஒரு தடவை இடப்பக்கம் சாய்ந்து, ஒரு தடவை வலப்பக்கம் சாய்ந்து, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். பழைய பாயில் எவ்வளவு இழுத்தாலும் நடுவயிறு அப்படியே தொங்கும். அதனால்தான் நழுவுவாள்.

நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். இவர் பாயைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, படகு தண்ணீரில் கீறிவந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நழுவுகிற படகின் கோடு சரிந்து போகும். கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இஞ்சாரும்! வயிறு போச்சுது!" என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வயிற்றைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "பாயின்ரை வயிறு! வெந்ததிலை வயிறெல்லாம் சுருங்கி ஏறிப் போச்சுது! கோடு நேரே வருது, பாரும்!"

பார்த்தேன். அளவு நூல் பிடித்தது போல நேரே வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே அந்த வெள்ளைப் பாய் பலகை போல இறுகி நின்றது. வருஷக்கணக்காகப் பட்டை அவித்து, தைத்து, இழுத்து இவர் செய்ய முடியாததை, அழுக்கைக் கண்டு பொறுக்காத ஒரு மனுஷியும் ஒரு வெள்ளாவியும் செய்துவிட்டார்கள். சாயம் போன துணி அடுத்த மழைக்கே கரும்புள்ளி விழும், மறுபடி பட்டை அவிக்க வேண்டும், அதெல்லாம் பிறகு. இவர் வீரனின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் வாந்தி எடுக்க மறந்துவிட்டேன். வரகரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து கடலைத் தாண்டினோம்.

எங்கள் தீவுகள் கண்ணுக்குத் தெரிந்ததும் காற்று ஒரேயடியாக விழுந்துவிட்டது. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. வெயில் உச்சியைப் பிளந்தது. எனக்கு உள்ளங்கைப் புண் எரிந்தது, முதுகு விட்டுப் போயிற்று, குடத்துத் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. அப்போது பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு எஞ்சின் வள்ளம் வந்தது. எங்கள் துறைக்குத்தான் போகிறது. ஓட்டி வந்தவர் கேட்காமலே கயிற்றைச் சுழற்றி வீசினார். அது என் காலடியில் வந்து விழுந்தது.

இவர் கயிற்றைப் பார்த்தார், பாயை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் நல்லாய்க் களைச்சுப் போனீர்" என்றார். "கட்டட்டோ?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. கட்டினால் படகு போய்விடும் என்று தெரிந்துதான் கேட்கிறார். நான் குனிந்து கயிற்றை எடுத்தேன். என்னால் முடிந்தமட்டும் வீசி வள்ளத்துக்கே திருப்பி எறிந்தேன். பாதிதான் போயிற்று, மீதியை அவர்கள் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டார்கள்.

"அழகம்மா வெளுத்துத் தந்த பாயோடை இழுபட்டோ போறது?" என்றேன். "காத்து வரட்டும். வந்தாப் போவம்."

வள்ளம் படபடவென்று போய் மறைந்தது. இவர் எழுந்து முன்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சரியாகவே இருந்த ஒரு கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டத் தொடங்கினார்.